வகுத்தே பார்க்காமல் பகா எண் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

2024 அக்டோபர் கடைசியில் எங்கள் குடியிருப்பு வாட்ஸாப் குழுவில் ஒரு செய்தி வந்து விழுந்தது. "உலகின் மிகப் பெரிய பகா எண்ணைக் கண்டுபிடித்துவிட்டார்கள்! இனி எந்த வங்கிக் கணக்கும் பத்திரம் இல்லை. உடனே பாஸ்வேர்டை மாற்றவும்." கீழே கைகூப்பும் படம் மூன்று. தண்ணீர் லாரி, லிஃப்ட் ரிப்பேர், பிள்ளையார் சதுர்த்தி வசூல் என்று ஓடும் பெங்களூர் அல்சூர்க் குழு அது. பகா எண்ணைப் பற்றி அதில் யாரும் பேசி நான் பார்த்ததே இல்லை. அனுப்பியவர் மூன்றாம் மாடிப் பெரியவர், எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மறுநாள் காலை லிஃப்டில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீ கணக்கு படிச்சவன்தானே? இது நெசமா?"

"பாதி நெசம் ஐயா" என்றேன்.

பெரிய பகா எண் ஒன்று கிடைத்தது நிஜம். "உலகின் மிகப் பெரிய" என்பது தப்பு. வங்கிக்கு ஆபத்து என்பது முழுத் தப்பு. இவற்றைத் தாண்டி, அந்தச் செய்தியில் இல்லாத ஒன்றுதான் எனக்கு இதில் பெரிய ஆச்சரியம். நாலு கோடி இலக்கம் கொண்ட ஓர் எண்ணை எதனாலும் வகுத்துப் பார்க்காமல், "இது வகுபடாது" என்று எப்படி அடித்துச் சொன்னார்கள்? லிஃப்ட் தரைத்தளம் சேர்வதற்குள் அதைச் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

## நாற்காலி அடுக்குவது

ஏதோ ஒரு விழாவுக்குப் பன்னிரண்டு நாற்காலி வந்திருக்கிறது என்று வையுங்கள். மூன்று வரிசையில் நாலு நாலாகப் போடலாம். இரண்டு வரிசையில் ஆறு ஆறாகவும் போடலாம். பதின்மூன்றாவது நாற்காலி ஒன்று வந்து சேர்ந்தால் போச்சு. எப்படி வரிசை பிரித்தாலும் மிச்சம் துருத்திக்கொண்டு நிற்கும். ஒரே நீள வரிசையாகப் போட்டால்தான் சரிவரும்.

இப்படி மிச்சமில்லாமல் வரிசை பிரிக்க முடியாத எண்தான் பகா எண். 1ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியில்லாமல் வகுபடும், 1ஐவிடப் பெரிய முழு எண் என்பது அதன் இலக்கணம். பிரிக்க முடிந்தால் அது பகு எண். பகு எண்ணை எந்தெந்த எண்கள் மீதியில்லாமல் வகுக்கின்றனவோ அவை அதன் காரணிகள். 12க்கு 3 ஒரு காரணி, 4 ஒரு காரணி. 1 இந்த இரண்டு கட்சியிலும் சேராது.

பார்த்த மாத்திரத்தில் ஏமாற்றும் எண்கள் உண்டு. திருக்குறளின் அதிகாரங்கள் 133. ஒற்றைப்படை, 3ஆல் வகுபடாது, 5ஆல் வகுபடாது, பகா எண் மாதிரியே இருக்கும். ஆனால் 7 × 19 = 133. அல்சூர் ஏரிப் பக்கம் வள்ளுவர் சிலையைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு இந்த 7ம் 19ம் நினைவுக்கு வரும். அது என் வியாதி.

## "மிகப் பெரிய" ஒன்று கிடையாது

பகா எண்களுக்கு முடிவே இல்லை என்பதை யூக்ளிட் இரண்டாயிரத்து முன்னூறு வருஷத்துக்கு முன்பே காட்டிவிட்டார். உங்களிடம் ஒரு பட்டியல் இருக்கிறது, உலகத்துப் பகா எண்கள் அவ்வளவும் அதற்குள் அடக்கம் என்று நீங்கள் சொல்வதாக வைத்துக்கொள்வோம். பட்டியல் 2, 3, 5, 7, 11, 13. எல்லாவற்றையும் பெருக்கி ஒன்று கூட்டுங்கள்: 30,031. இதை 2ஆல் வகுத்தாலும் மீதி 1, 3ஆல் வகுத்தாலும் மீதி 1. பட்டியலில் உள்ள எதனால் வகுத்தாலும் அதே கதைதான். ஆக இதை வகுக்கும் பகா எண் பட்டியலுக்கு வெளியேதான் இருந்தாக வேண்டும்.

இந்த இடத்தில் பலரும் "அப்படியானால் 30,031தான் புதிய பகா எண்" என்று எழுதிவிடுகிறார்கள். இல்லை. அது 59 × 509. யூக்ளிட் சொன்னது, பட்டியலில் இல்லாத ஒன்று இருக்கிறது என்று மட்டும்தான். 59ம் 509ம் உங்கள் பட்டியலில் இல்லை, பாருங்கள்.

ஆகவே செய்தியைத் திருத்தினால் இப்படி வரும்: இதுவரை நமக்குத் தெரிந்த பகா எண்களில் மிகப் பெரியது கிடைத்தது. அதைவிடப் பெரியவை எண்ணிக்கை இல்லாமல் இருக்கின்றன. எங்கே என்றுதான் தெரியாது.

## அந்த எண்

2 என்ற எண்ணை 13,62,79,841 தடவை எழுதி ஒன்றோடொன்று பெருக்குங்கள். வந்ததில் ஒன்றைக் கழியுங்கள். சுருக்கமாக எழுதினால் 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1. மேலே சின்னதாக இருப்பதற்கு அடுக்கு என்று பெயர்.

விரித்து எழுதினால் 4,10,24,320 இலக்கம். விநாடிக்கு ஓர் இலக்கம் வீதம் இரவு பகலாக வாசித்தால் 475 நாள் ஆகும். இதைக் கண்டுபிடித்தவர் லூக் டுரான்ட் என்ற அமெரிக்கர், என்விடியா நிறுவனத்தில் முன்பு பணியாற்றியவர். 17 நாடுகளில் இருந்த கணினிகளை வாடகைக்கு எடுத்து வேட்டை நடத்தினார். அக்டோபர் 11ஆம் தேதி டப்ளினில் இருந்த ஒரு சிப் "இது பகா எண்ணாக இருக்கக்கூடும்" என்றது. மறுநாள் டெக்சாஸில் இருந்த இன்னொரு சிப் "பகா எண்ணேதான்" என்று உறுதி செய்தது. இந்த "இருக்கக்கூடும்", "ஏதான்" இரண்டுக்கும் நடுவில் ஒரு கதை இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் வருகிறேன்.

இவ்வளவு பெரிய எண்ணின் கடைசி இலக்கம் என்ன? கணினி வேண்டாம், பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்தில் சொல்லிவிடலாம். 2, 4, 8, 16, 32, 64, 128, 256 என்று போகும் வரிசையில் கடைசி இலக்கங்களை மட்டும் பாருங்கள். 2, 4, 8, 6, மறுபடி 2, 4, 8, 6. நாலு நாலாகச் சுற்றுகிறது. 13,62,79,841ஐ 4ஆல் வகுத்தால் மீதி 1. அப்படியானால் கடைசி இலக்கம் சுற்றின் முதல் ஆள், 2. அதில் ஒன்றைக் கழித்தால் 1. முடிந்தது.

## மீதியை மட்டும் கையில் வைத்துக்கொள்வது

இப்போது செய்ததை மேம்போக்காகத் தாண்டிப் போகாதீர்கள். நாலு கோடி இலக்கத்தை எழுதாமலே அதைப் பற்றி ஒரு தகவலைக் கறந்துவிட்டோம். முழு எண் நமக்குத் தேவைப்படவில்லை, ஒரு மீதி போதுமானதாக இருந்தது.

இதை நாம் தினமும் செய்கிறோம். இன்று செவ்வாய்க்கிழமை, நூறு நாள் கழித்து என்ன கிழமை? யாரும் நூறு நாளையும் விரல்விட்டு எண்ணுவதில்லை. நூறில் பதினான்கு வாரம் போக மீதி 2, ஆகவே வியாழன். வாரங்கள் எத்தனை போயின என்பதை மறந்துவிட்டு மீதியை மட்டும் வைத்துக்கொண்டோம்.

இதில் ஒரு வசதி உண்டு. பெருக்கிவிட்டு மீதி எடுத்தாலும் சரி, ஒவ்வொரு படியிலும் மீதி எடுத்துக்கொண்டே பெருக்கினாலும் சரி, கடைசியில் கிடைக்கும் மீதி ஒன்றுதான். அதனால் எண் ஊதிப் பெருக்கவே விடாமல், வளர வளர வெட்டிவிட்டுக்கொண்டே போகலாம். பெரிய பகா எண் சோதனைகள் அத்தனையும் இந்த ஒரு வசதியில்தான் நிற்கின்றன.

## வகுத்துப் பார்த்தால் என்ன கேடு?

சின்ன எண் என்றால் ஒரு கேடும் இல்லை. சில்க் போர்டு சந்திப்பில் வண்டி நகராமல் நிற்கும்போது முன்னால் நிற்கும் காரின் நாலு இலக்கத்தைச் சோதிப்பது என் பொழுதுபோக்கு. இதற்கு 100க்குக் கீழே உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். அவை மொத்தம் 25. ஏன் 100 வரை மட்டும்? ஓர் எண் இரண்டு காரணிகளாகப் பிரிகிறது என்றால் இரண்டுமே 100ஐத் தாண்டியிருக்க முடியாது. தாண்டினால் பெருக்கல் பத்தாயிரத்துக்கு மேல் போய்விடும். ஆக ஒன்றாவது 100க்குள் சிக்கியே தீரும். 1729 என்று ஒரு வண்டி வந்தால் ராமானுஜனை நினைத்துக்கொள்ளலாம். அது 7 × 13 × 19, பகு எண். 9973 வந்தால் அந்த இருபத்தைந்து பகா எண்களாலும் வகுத்துவிட்டு உதட்டைப் பிதுக்கலாம். நாலு இலக்கத்தில் மிகப் பெரிய பகா எண் அது. சிக்னல் ஒன்றுக்கு ஓர் எண் தாராளமாக முடியும்.

இலக்கம் ஏற ஏற இந்த வழி படுத்துவிடும். 300 இலக்க எண் என்றால் 150 இலக்கம் வரை உள்ள பகா எண்களால் வகுக்க வேண்டும். 1க்குப் பின்னால் 147 பூஜ்யம் போட்டால் வரும் எண்ணிக்கையைவிட அதிகமான பகா எண்கள் அதற்குள் இருக்கின்றன. நாம் காணக்கூடிய பிரபஞ்சத்தில் உள்ள மொத்த அணுக்களுக்கே 1க்குப் பின்னால் சுமார் 80 பூஜ்யம்தான். உலகத்துக் கணினிகளை எல்லாம் கட்டி இழுத்தாலும் இது நடக்கிற காரியமில்லை.

இதுவரை வந்த வழி இதுதான். பகா எண்ணுக்கு முடிவில்லை. பெரிய எண்ணைக் காரணி தேடிச் சோதிக்க முடியாது. ஆனால் பெரிய எண்ணின் மீதியைச் சுலபமாகக் கணக்கிடலாம். அந்த மீதி நமக்கு எப்படி உளவு சொல்கிறது என்பதுதான் மிச்சம்.

## பூ வளையம்

சோமேஸ்வரர் கோயில் வாசலில் பூ விற்கும் அக்காவிடம் மல்லிகையும் கனகாம்பரமும் இருக்கிறது. ஐந்து பூ வைத்துச் சின்னதாக ஒரு வளையம் கட்டச் சொல்கிறோம். ஒவ்வோர் இடத்திலும் இரண்டில் ஏதோ ஒரு பூ. எத்தனை விதமாகக் கட்டலாம்? முதல் இடத்துக்கு இரண்டு வழி, அடுத்ததற்கு இரண்டு, இப்படி ஐந்து தடவை: 2 × 2 × 2 × 2 × 2 = 32. இவற்றில் முழுக்க மல்லிகை ஒன்று, முழுக்கக் கனகாம்பரம் ஒன்று. அந்த இரண்டையும் ஒதுக்கிவிடுவோம். மீதம் 30.

இப்போது ஒரு வளையத்தை எடுத்து, ஒரு பூ அளவுக்குச் சுற்றுங்கள். 32 வகையில் இன்னொன்று கிடைக்கும். மறுபடி சுற்றுங்கள், இன்னொன்று. ஐந்து தடவை சுற்றினால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும். இப்படி ஒன்றை ஒன்று சுற்றிப் பெறக்கூடியவற்றை ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு குடும்பத்திலும் சரியாக ஐந்து பேர்.

ஐந்தைவிடக் குறைவான பேர் உள்ள குடும்பம் வர வாய்ப்பே இல்லையா? வர வேண்டுமானால் ஐந்து சுற்று முடியும் முன்பே வளையம் பழைய தோற்றத்துக்குத் திரும்ப வேண்டும். அதாவது ஒரு சின்ன வரிசை திரும்பத் திரும்ப வந்து வளையத்தைச் சரியாக நிரப்ப வேண்டும். அந்தச் சின்ன வரிசையின் நீளம் ஐந்தை மீதியில்லாமல் வகுக்க வேண்டும். ஐந்தோ பகா எண். 1 மட்டும்தான் வகுக்கும். நீளம் 1 என்றால் எல்லாம் ஒரே பூ, அவற்றைத்தான் ஏற்கெனவே ஒதுக்கிவிட்டோமே. ஆகவே 30ம் ஐந்தைந்தாகப் பிரிந்தே ஆக வேண்டும். பிரிகிறது, ஆறு குடும்பம்.

அதே வேலையை நாலு பூவில் செய்து பாருங்கள். 16இல் இரண்டு போக 14. இதில் மல்லி, கனகாம்பரம், மல்லி, கனகாம்பரம் என்று மாறி மாறி வரும் வளையம் ஒன்று உண்டு. அது இரண்டே சுற்றில் திரும்பிவிடும், குடும்பத்தில் இரண்டே பேர். 14ஐ 4ஆல் வகுத்தால் மீதி 2. நாலு பகா எண் இல்லை என்ற ரகசியம் அந்த மீதியில் வெளியே வந்துவிட்டது. 2 × 2 என்று நாம் பிரித்துப் பார்க்கவே இல்லை.

இதை எந்த எண்ணுக்கும் சொல்லலாம். பூக்களின் எண்ணிக்கை பகா எண்ணாக இருந்தால், 2இன் அந்த அடுக்கிலிருந்து 2ஐக் கழித்து வருவது அந்த எண்ணால் மீதியில்லாமல் வகுபடும். பிரெஞ்சுக்காரர் பியர் டி ஃபெர்மா 1640இல் ஒரு கடிதத்தில் இதை எழுதினார், ஏன் என்பதை எழுதாமலே விட்டுவிட்டார். இதை அப்படியே திருப்பிப் பிடித்தால் சோதனை ரெடி. மீதி வந்தால் அது பகா எண்ணே இல்லை. 9ஐ எடுங்கள். 512இல் 2 போக 510. 9 × 56 = 504, மீதி 6. ஆகவே 9 பகு எண். நம் கணக்கில் 3 என்ற எண் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

300 இலக்க எண் என்றால் அத்தனை பூவுக்கு எங்கே போவது? பூ வேண்டாம், மீதிதான் வேண்டும். 2ஐ வர்க்கப்படுத்தினால் 4, அதை வர்க்கப்படுத்தினால் 16, அதை வர்க்கப்படுத்தினால் 256. மூன்றே தாவலில் அடுக்கு எட்டு. ஒவ்வொரு தாவலிலும் மீதியை மட்டும் வைத்துக்கொண்டு போனால் 300 இலக்க அடுக்கை ஆயிரம் தாவலில் எட்டிவிடலாம். கணினிக்கு இது இமைக்கும் நேரம்.

## பொய்ச்சாட்சி

ஒரு குறை இருக்கிறது. மீதி வந்தால் பகு எண் என்பது உறுதி. மீதி வராவிட்டால் பகா எண்தான் என்று சொல்ல முடியுமா? முடியாது. 341 என்ற எண் இந்தச் சோதனையில் மீதியில்லாமல் தேறிவிடும். ஆனால் அது 11 × 31. பூ வளையம் இங்கே பொய்ச்சாட்சி சொல்கிறது. பெரும்பாலும் உண்மை பேசும், எப்போதாவது காலை வாரும். டப்ளின் சிப் "இருக்கக்கூடும்" என்று இழுத்தது இதனால்தான். அது ஓட்டியது இந்த ஃபெர்மா வகைச் சோதனை.

நடைமுறையில் இதைச் சமாளிக்க இன்னும் கறாரான ஒரு சோதனை உண்டு, கண்டவர்கள் பெயரால் மில்லர்–ராபின். வெவ்வேறு சாட்சிகளைக் கூப்பிட்டுத் திரும்பத் திரும்ப விசாரிக்கும். ஒரு பகு எண் அத்தனை பேரிடமிருந்தும் தப்பும் வாய்ப்பு, கவலைப்படத் தேவையில்லாத அளவுக்குக் குறைந்துவிடும்.

"குறைந்துவிடும்" என்பதில் திருப்தி இல்லாதவர்களும் உண்டு. எந்த எண்ணைக் கொடுத்தாலும் சந்தேகத்துக்கு இடமில்லாமல், அதே சமயம் நியாயமான வேகத்தில் பதில் சொல்லும் முறை இருக்கிறதா என்பது நெடுநாள் கேள்வி. 2002 ஆகஸ்டில் "இருக்கிறது" என்று காட்டியவர்கள் கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும். இதில் கயாலும் சக்சேனாவும் அப்போதுதான் பி.டெக். முடித்திருந்தார்கள். கயால் பிறகு இதே பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்துக்கு வந்தார். நடைமுறையில் இந்த முறையை யாரும் ஓட்டுவதில்லை, மில்லர்–ராபின் அதைவிட வேகம். ஆனால் முடியுமா முடியாதா என்ற கேள்வி அன்றோடு தீர்ந்தது.

## ஏன் எப்போதும் "இரண்டின் அடுக்கு, கழித்தல் ஒன்று"?

சாதனை படைக்கும் பகா எண்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வருகின்றன: 2இன் ஏதோ ஓர் அடுக்கிலிருந்து 1 குறைவு. இந்த அச்சில் வரும் பகா எண்களுக்கு மெர்சென் பகா எண் என்று பெயர். 3, 7, 31, 127 ஆகியவை முதல் நாலு. டுரான்ட் கண்டது 52ஆவது.

பகா எண்கள் இந்த அச்சில்தான் அதிகம் என்று நினைத்துவிட வேண்டாம். தெருவிளக்குக்குக் கீழே சாவி தேடுகிற கதை இது, அங்கேதான் வெளிச்சம் இருக்கிறது. இந்த அச்சு எண்களுக்கு மட்டும் பொய்ச்சாட்சியே சொல்லாத ஒரு தனிச் சோதனை உண்டு. பிரெஞ்சுக்காரர் லூக்கா 1870களில் தொடங்கிவைத்தார், அமெரிக்கர் லேமர் 1930களில் செப்பனிட்டார். செய்முறையை ஒரு மளிகைச் சீட்டில் எழுதிவிடலாம். 4இல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி 2ஐக் கழியுங்கள். சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை வைத்துக்கொள்ளுங்கள். அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை இப்படிச் செய்யுங்கள். கடைசியில் பூஜ்யம் வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை.

31ஐச் சோதிப்போம். அது 2⁵ − 1, ஆகவே மூன்று தடவை. 4இன் வர்க்கம் 16, இரண்டு போக 14. 14இன் வர்க்கம் 196, இரண்டு போக 194, 31ஆல் வகுத்தால் மீதி 8. 8இன் வர்க்கம் 64, இரண்டு போக 62, 31ஆல் வகுத்தால் மீதி பூஜ்யம். 31 பகா எண். இதே வேலையை 2047க்கு, அதாவது 2¹¹ − 1க்கு, ஒன்பது தடவை செய்தால் கடைசியில் 1736 என்று வந்து நிற்கும். பூஜ்யமில்லை, ஆக பகு எண். 23 × 89 என்பது தெரிந்திருக்கவே வேண்டியதில்லை. டெக்சாஸில் அந்தச் சிப் செய்ததும் இதே சமையல்தான், பதிமூன்றரைக் கோடிக்கு மேற்பட்ட தடவை.

மெர்சென் என்பவர் பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் துறவி. அடுக்கு 257 வரை எவையெல்லாம் பகா எண் தரும் என்று 1644இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். அதில் 67ஐச் சேர்த்தது தப்பு, 257ஐச் சேர்த்தது தப்பு, 61, 89, 107 மூன்றையும் விட்டதும் தப்பு. ஐந்து பிழை செய்தவர் பெயரே நிலைத்துவிட்டது!

அந்த 67இன் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 2⁶⁷ − 1 பகா எண் இல்லை என்று 1876இலேயே லூக்கா காட்டிவிட்டார். ஆனால் அதன் காரணிகள் என்ன என்று அவருக்கும் தெரியாது, வேறு யாருக்கும் தெரியாது. 27 வருஷம் அப்படியே கிடந்தது. 1903 அக்டோபரில் அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் கரும்பலகைக்குப் போனார். ஒரு பக்கம் 2⁶⁷ − 1ஐக் கையால் கணக்கிட்டார். இன்னொரு பக்கம் 193,707,721 × 761,838,257,287 என்று எழுதிப் பெருக்கினார். இரண்டு விடையும் ஒன்று. ஒரு வார்த்தை பேசாமல் போய் உட்கார்ந்துவிட்டார் என்று சொல்வார்கள். கண்டுபிடிக்க எவ்வளவு நாள் ஆயிற்று என்று கேட்டதற்கு, மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம்.

சுருக்கமாக: ஓர் எண் பகா எண்ணா இல்லையா என்று சொல்வது ஒரு வேலை, அதன் காரணிகளைக் கண்டுபிடிப்பது வேறொரு வேலை. முதலாவது சுலபம், இரண்டாவது மகா கஷ்டம். வங்கி வரும் இடம் இதுதான்.

## வங்கிக் கணக்கு

அரிசியையும் உளுந்தையும் சேர்த்து அரைப்பது சுலபம். அரைத்த மாவிலிருந்து இரண்டையும் பிரித்தெடுக்கச் சொன்னால் மாமியாரே ஆனாலும் முடியாது. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவதும் அப்படித்தான். 1977இல் ரிவெஸ்ட், ஷமீர், அடில்மன் மூவரும் இதை வைத்து ஒரு பூட்டு செய்தார்கள், பெயர் ஆர்.எஸ்.ஏ. பெருக்கி வந்த எண்ணை ஊருக்கே சொல்லிவிடலாம், அதை வைத்து யார் வேண்டுமானாலும் செய்தியைப் பூட்டலாம். திறக்க வேண்டுமானால் அந்த இரண்டு பகா எண்களும் தெரிந்திருக்க வேண்டும்.

இன்று வழக்கத்தில் உள்ள பூட்டில் பெருக்குத் தொகை 617 இலக்கம், உள்ளே இருக்கும் பகா எண்கள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 309 இலக்கம். கோடி அல்ல, வெறும் 309. அந்த அளவில் பகா எண்களுக்குப் பஞ்சமே இல்லை. சராசரியாக 711 எண்களுக்கு ஒன்று, ஒற்றைப்படை எண்களில் மட்டும் தேடினால் சுமார் 355க்கு ஒன்று பகா எண். கணினி குத்துமதிப்பாக ஓர் எண்ணை எடுக்கும், மில்லர்–ராபின் சோதனை வைக்கும், தேறாவிட்டால் அடுத்தது. நொடிகளில் கிடைத்துவிடும்.

பூட்டை உடைப்பவனுக்கோ அந்தச் சுலபம் கிடையாது. 250 இலக்கம் கொண்ட ஒரு சவால் எண்ணை 2020 பிப்ரவரியில்தான் உடைத்தார்கள். ஒரே ஒரு பிராசஸர் கோர் செய்வதாக இருந்தால் அது சுமார் 2,700 வருஷ வேலை. 617 இலக்கத்துக்கு இந்த வழியில் போனால் வாழ்நாள் காணாது.

இப்போது டுரான்டின் எண்ணைப் பாருங்கள். ஊரே அறிந்த எண் அது. அதைப் போய் யாராவது ரகசியமாக வைத்தால், உடைக்க வருபவன் முதலில் அதைத்தான் போட்டுப் பார்ப்பான். தவிர, ஒரு பெரிய பகா எண் கிடைத்ததால் வேறோர் எண்ணின் காரணி எதுவும் வெளியே வரப்போவதில்லை. ஆர்.எஸ்.ஏ.க்கு நிஜமான கவலை வேறு பக்கமிருந்து வருகிறது. போதிய அளவு பெரிய குவாண்டம் கணினி ஒன்று கட்டப்பட்டால் காரணிப்படுத்துவது சுலபமாகிவிடும் என்று பீட்டர் ஷோர் 1994இலேயே காட்டியிருக்கிறார்.

பகா எண்ணை ரகசியமாக வைத்தால்தான் பாதுகாப்பு என்பதும் எப்போதும் உண்மையில்லை. வாட்ஸாப் தன் பூட்டுக்குப் பயன்படுத்தும் கணிதத்தில் 2²⁵⁵ − 19 என்ற 77 இலக்கப் பகா எண் உட்கார்ந்திருக்கிறது. அது எல்லாருக்கும் தெரிந்த எண், ரகசியம் வேறிடத்தில் இருக்கிறது. பகா எண்ணால் ஆபத்து என்று எங்கள் குழுவில் வந்த அந்தச் செய்தி, ஒரு பகா எண்ணின் முதுகில் ஏறித்தான் வந்தது.

## அப்புறம் எதற்காகத் தேடுகிறார்கள்?

மலை ஏறுபவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி. பக்கவிளைவாகச் சில நன்மைகள் உண்டு. இந்தச் சோதனை வாரக்கணக்கில் பிராசஸரை முழு மூச்சில் ஓட்டுவதால் சிப் பழுதுகள் சில இதில் மாட்டியிருக்கின்றன. புது மெர்சென் பகா எண் கிடைக்கும்போதெல்லாம் புதிதாக ஒரு நிறைவெண்ணும் கிடைக்கும். தன்னைத் தவிர்த்த காரணிகளைக் கூட்டினால் தன்னையே தரும் எண் நிறைவெண்; 28 = 1 + 2 + 4 + 7 + 14. கூடவே பரிசும் உண்டு. பத்துக் கோடி இலக்கப் பகா எண்ணை முதலில் காட்டுபவருக்கு எலெக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு ஒன்றரை லட்சம் டாலர் அறிவித்திருக்கிறது. மெர்சென் பகா எண்கள் முடிவில்லாமல் உண்டா என்பதோ இன்னும் யாருக்கும் தெரியாது. 53ஆவது இருக்கிறது என்பதற்கே நிறுவல் இல்லை.

வேட்டையில் யாரும் சேரலாம். ஜார்ஜ் வோல்ட்மன் 1996இல் தொடங்கிய கிம்ப்ஸ் என்ற கூட்டு முயற்சிக்கு இலவச நிரல் இருக்கிறது. நம் கணினிக்கு என்று ஓர் அடுக்கைப் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். நானும் பழைய லேப்டாப்பில் போட்டு ஓட்டினேன். மூன்று வாரம் மாவு மெஷின் மாதிரி சத்தம். மின்கட்டண ரசீதைப் பார்த்து வீட்டில் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. கடைசியில் பதில் வந்தது: பகா எண் இல்லை.

மூன்றாம் மாடிப் பெரியவரிடம் சொன்னேன்.

"அப்ப எதால வகுபடுது?"

"தெரியாது ஐயா."

"கம்ப்யூட்டருக்கு?"

"அதுக்கும் தெரியாது. வகுபடும்னு மட்டும் தெரியும்."

கொஞ்ச நேரம் யோசித்தார். "அந்தப் பூவைச் சுத்திப் பாத்துச் சொல்ற மாதிரி."

"அதேதான்."

லிஃப்ட் வந்தது. உள்ளே போனவர் கதவு மூடுமுன் கையை நீட்டி நிறுத்தினார். "அப்ப அன்னிக்குப் பாஸ்வேர்ட மாத்தியிருக்கவே வேணாம்ங்கற. நான் மாத்திட்டேனே தம்பி. என்ன வெச்சேன்னு இப்ப எனக்கே ஞாபகம் இல்ல."